பின்கதவின் திறப்பு யாரிடம்?

ஏஎல் சோதனை முடிந்த கையோடு, ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்காமல் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு புடைவைக்கடையில் வேலைக்கு நின்றேன். தீபாவளிக்கு முந்தின மூன்று மாதம். கீழே சேலை, அதற்கு மேலே பிள்ளைகளின் உடுப்பு, அதற்கும் மேலே ஸ்டோர். ஏறி இறங்க ஒரேயொரு படிக்கட்டு. கடைக்குப் பின்னால் ஒழுங்கைப் பக்கமாக ஓர் இரும்புக் கதவு இருந்தது. அதில் எந்நேரமும் ஆமைப்பூட்டுத் தொங்கும். திறப்பு முதலாளியின் மேசை லாச்சிக்குள். இரவு வீட்டுக்குப் போகும்போது வேலை செய்யிற பெட்டையள் எல்லாரும் முன்கதவில் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒருநாள் ஸ்டோரில் பிளக் ஒன்று கருகிப் புகை வந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் முன்படியால் ஓடி இறங்கினோம். மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள். பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு திரும்பவும் மேலே ஏறினோம். அன்றைக்குப் பின்கதவு ஒருத்தருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும்தான்.

எனக்கு அது நினைவுக்கு வந்தது இரண்டு வருடம் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில். தொழிலாளர் வரலாறு பற்றிய ஒரு ரியூட்டோரியலுக்காக 1911ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடந்த ஒரு தீவிபத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கதவு, பை பரிசோதனை, முதலாளியின் களவுப் பயம் என்று ஒவ்வொன்றாக வர வர, நான் வேலை செய்த கடைதான் கண்ணுக்குள் வந்தது. அந்தக் கதவிலிருந்து தொடங்கி எங்களுடைய நாட்டுச் சட்டம்வரை வரும் ஒரு கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்பதாம் மாடி

1911 மார்ச் 25, ஒரு சனிக்கிழமை. நியூயோர்க்கின் வொஷிங்டன் பிளேஸ், கிறீன் வீதிச் சந்தியில் இருந்த ஆஷ் கட்டடம் பத்து மாடி கொண்டது. 8, 9, 10ஆம் மாடிகளில் ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை இயங்கியது. பெண்கள் அணியும் மேற்சட்டைகளைத் தைப்பதுதான் வேலை. கிட்டத்தட்ட 500 பேர் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலானவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறிய இளம் பெண்கள். 14 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். முதலாளிகள் மக்ஸ் பிளாங்க், ஐசக் ஹரிஸ் என்ற இருவர். அவர்களும் புலம்பெயர்ந்து வந்து, கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள்தான்.

வேலை முடிகிற நேரம், பின்னேரம் 4.40 மணியளவில், 8ஆம் மாடியில் துணி வெட்டும் மேசைக்குக் கீழே இருந்த வெட்டுத்துண்டுப் பெட்டியில் தீப்பிடித்தது. 8ஆம் மாடியிலிருந்து 10ஆம் மாடிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் அலுவலகம். முதலாளிகள் இருவரும் கூரைக்கு ஏறிப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தப்பினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் சட்ட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த மாணவர்களும் அவர்களின் பேராசிரியரும் ஏணிகளைக் கொண்டுவந்து, கூரையில் நின்றவர்களை மேலே தூக்கி எடுத்தார்கள்.

இடையில் இருந்த 9ஆம் மாடிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தீ வந்த பிறகுதான் தெரியும்.

9ஆம் மாடியிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. ஒன்றைத் தீ மறித்துவிட்டது. வொஷிங்டன் பிளேஸ் பக்கத்துப் படிக்கட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. வெளிச்சுவரில் இருந்த இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் முறிந்து ஆட்களோடு விழுந்தது. இரண்டு மின்தூக்கிகளையும் ஓட்டியவர்கள் முடிந்தவரை ஏறி இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். தீயணைப்பு வண்டிகள் விரைவாகவே வந்தன. ஆனால் அவர்களுடைய ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டியது. ஜன்னலால் குதித்தவர்களைப் பிடிக்க விரித்த வலைகள் கிழிந்தன. அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 146 பேர் இறந்தார்கள். 123 பேர் பெண்கள்.

கட்டடத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அது தீப்பிடிக்காத கட்டடம் என்று சொல்லிக் கட்டப்பட்டது, அந்த வாக்கு உண்மையாகவே இருந்தது. இன்றைக்கும் அது அதே இடத்தில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடமாக நிற்கிறது.

சட்டம் ஏற்கனவே இருந்தது

இந்த இடத்தில் நான் எதிர்பார்த்த கதை ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் சட்டம் இல்லை, அதனால் இப்படி நடந்தது, பிறகு சட்டம் வந்தது என்று வரும் என நினைத்தேன். பள்ளிக்கூடப் புத்தகங்கள் வரலாற்றை அப்படித்தானே சொல்லித் தருகின்றன.

ஆனால் சட்டம் இருந்தது. நியூயோர்க் மாநிலத்தின் தொழிற்சட்டத்தில், வேலை நேரத்தில் தொழிற்சாலைக் கதவுகளைப் பூட்டக்கூடாது, தாழ்ப்பாள் போடவும் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் அதோடு "நடைமுறைச் சாத்தியமான இடங்களில்" என்ற பொருள்பட ஒரு சின்ன வால் ஒட்டியிருந்தது. ஆஷ் கட்டடத்தில் கதவுக்கும் படிக்கும் இடையில் போதிய இடம் இல்லை. ஆகவே சாத்தியமில்லை, ஆகவே கதவுகள் உள்பக்கமாகத் திறந்தன. ஆட்கள் நெருக்கிக்கொண்டு வந்தால் உள்பக்கமாகத் திறக்கும் கதவு திறக்காது என்பது யாருக்கும் தெரிந்த விசயம்.

கருவியும் இருந்தது. 1903 டிசம்பர் 30 அன்று சிக்காகோவின் இரோகுவா நாடக அரங்கில் தீப்பிடித்து 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல கதவுகளைத் திறக்க முடியாமல் போனது அதற்கு ஒரு முக்கிய காரணம். அதற்குப் பிறகு, வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளேயிருந்து ஒரு சட்டத்தை உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுப்பூட்டு ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆண்டு 1908. ட்ரையாங்கிள் எரிவதற்கு மூன்று வருடம் முதல்.

தொழிலாளர்களும் வாய் திறக்காமல் இருக்கவில்லை. 1909ஆம் ஆண்டு ட்ரையாங்கிள் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நவம்பரில் அது நகரம் முழுக்கப் பரவி 20,000 பேருக்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்களின் போராட்டமாக மாறியது. சம்பளம், வேலை நேரம், சங்கத்தை ஏற்றுக்கொள்ளுதல் என்று கோரிக்கைகள். பல சிறிய முதலாளிமார் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிளாங்கும் ஹரிஸும் சங்கத்தை ஏற்கவில்லை. பெண்கள் சங்கம் இல்லாமலே திரும்பி வேலைக்குப் போனார்கள்.

அப்படியென்றால் சட்டமும் இருந்தது, கருவியும் இருந்தது, கேட்டவர்களும் இருந்தார்கள். பிறகு ஏன் கதவு பூட்டிக் கிடந்தது?

25 டொலரும் 75 டொலரும்

முதலாளிகள்மீது வழக்குப் போட்டார்கள். 1911 டிசம்பரில் விசாரணை நடந்தது. கதவை ஏன் பூட்டினார்கள் என்பதற்கு விடை அங்கே வெளிவந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் எல்லாரும் ஒரே வழியால் போனால்தான் பைகளைப் பரிசோதிக்கலாம். துணியோ சட்டையோ களவு போகாமல் பார்க்கலாம். அப்படி எவ்வளவுதான் களவு போனது என்று குறுக்கு விசாரணையில் ஹரிஸிடம் கேட்டபோது, அது 25 டொலருக்கு மேல் வராது என்பதை அவர் ஒத்துக்கொண்டார்.

தீர்ப்பு என்ன? இருவரும் விடுதலை. அந்தக் கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபித்தால்தான் அவர்கள் குற்றவாளிகள் என்று நீதிபதி ஜூரிமாருக்கு விளக்கியிருந்தார். தெரியாது என்று சொல்வது முதலாளிக்கு எப்போதும் சுலபம்.

பிறகு நட்டஈட்டு வழக்குகள் நடந்தன. 1914இல் அவை முடிந்தபோது இறந்த ஒருவருக்கு 75 டொலர் என்ற கணக்கில் குடும்பங்களுக்குக் கிடைத்தது. முதலாளிகளுக்கோ காப்புறுதிப் பணம் வந்தது. அது அவர்களுடைய உண்மையான நட்டத்தைவிட 60,000 டொலர் அளவு அதிகம் என்று சொல்லப்படுகிறது. அதை 146ஆல் வகுத்தால் ஓர் உயிருக்கு 400 டொலருக்கு மேல் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1913இல், அதாவது அந்தத் தீக்கு இரண்டு வருடம் கழித்து, பிளாங்க் தன்னுடைய இன்னொரு தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காகப் பிடிபட்டார். தண்டம் 20 டொலர்.

இந்த எண்களை நான் கொப்பியில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். களவால் போவது 25. பூட்டினால் தண்டம் 20. உயிர் போனால் 75. காப்புறுதி தருவது அதைவிட அதிகம். பிளாங்க் ஒரு அரக்கன் என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடலாம். ஆனால் அரக்கனாக இல்லாத ஒரு முதலாளி இந்தக் கணக்கைப் பார்த்தாலும் கதவைப் பூட்டத்தான் போகிறான். அந்தக் கணக்குக்குள் வராத ஆள், கதவுக்கு உள்ளே நின்ற பெட்டை மட்டும்தான்.

ஜன்னலால் புகுந்த செனட்டர்

தீ எரிந்தபோது வீதியில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பேர்கின்ஸ் என்ற பெண். வயது முப்பது. பக்கத்தில் ஒரு வீட்டில் தேநீர் விருந்துக்கு வந்திருந்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்தார். பிற்காலத்தில், 1933இல், அமெரிக்காவின் தொழில் அமைச்சரானார். அந்த நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

1911 ஜூனில் நியூயோர்க் மாநிலம் தொழிற்சாலைகளை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. ரொபர்ட் வாக்னர் தலைவர், அல் ஸ்மித் துணைத் தலைவர். இருவரும் பழுத்த அரசியல்வாதிகள். ஆணைக்குழு என்றால் அறிக்கை எழுதி லாச்சிக்குள் வைப்பது எங்களுக்குப் பழகிய விசயம். இந்த ஆணைக்குழு வேறு மாதிரி வேலை செய்தது. முன்கூட்டிச் சொல்லாமல் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பேர்கின்ஸ் அவர்களோடு கூடப் போனார். ஒரு தொழிற்சாலையில் "தீ வந்தால் வெளியேறும் வழி" என்று காட்டப்பட்ட சின்ன ஓட்டைக்குள்ளால் வாக்னரையே தவழவைத்து, பனி உறைந்து கிடந்த இரும்பு ஏணியைப் பார்க்கவைத்தார் என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார்.

அடுத்த சில வருடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. தீயணைப்புப் பயிற்சி, தானாக நீர் தெளிக்கும் குழாய்கள், ஒரு மாடியில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்ற வரையறை எல்லாம் அதற்குள் அடங்கும். எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. ஒன்று, எல்லாத் தொழிற்சாலைகளும் அரசிடம் பதிய வேண்டும். அதுவரை எங்கெங்கே தொழிற்சாலை இருக்கிறது என்பதே பரிசோதகர்களுக்கு முழுதாகத் தெரியாது. மற்றது, பரிசோதகர்களின் எண்ணிக்கையைக் கூட்டித் தொழில் திணைக்களத்தையே திருத்தி அமைத்தார்கள். அதாவது, "கதவைப் பூட்டாதே" என்ற பழைய வசனத்தோடு, போய்க் கதவைத் தள்ளிப் பார்க்கிற ஆளையும் சேர்த்தார்கள்.

பிரிட்டனில் இதே பாடத்தை ஏறத்தாழ எண்பது வருடம் முதலே படித்திருந்தார்கள். பஞ்சாலைப் பிள்ளைகளைப் பாதுகாக்க 1802இலும் 1819இலும் சட்டங்கள் வந்தன. மேற்பார்வையை உள்ளூர் நீதவான்மாரிடம் விட்டார்கள். அந்த நீதவான்மார் பலர் ஆலை முதலாளிகளின் சிநேகிதர்கள் அல்லது சொந்தக்காரர்கள். சட்டங்கள் கடதாசியிலேயே கிடந்தன. 1833ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கும் பரிசோதகர்களை நியமித்தது. நாடு முழுதுக்கும் நாலே நாலு பேர். ஆனால் அந்த நாலு பேரும் எந்த ஆலைக்குள்ளும் புகலாம் என்ற உரிமை இருந்தது.

ஒரு வசனத்தின் பயணம்

பிரிட்டனின் 1901ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. வேலைக்காகவோ சாப்பாட்டுக்காகவோ ஓர் ஆள் உள்ளே இருக்கும் நேரம், உள்ளேயிருந்து இலகுவாகவும் உடனடியாகவும் திறக்க முடியாதபடி கதவைப் பூட்டக்கூடாது என்பது அதன் சாரம். சாப்பாட்டு நேரத்தைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த விதி தொடர்ந்தது. பிறகு பேரரசோடு சேர்ந்து கப்பல் ஏறியது.

இலங்கையில் அது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1950 ஜனவரி 1இல்தான். சுதந்திரம் சட்டத்தை முந்திவிட்டது. இன்றைக்கும் எங்களுடைய தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கு அடிப்படை அதுதான். இடையில் திருத்தங்கள் வந்திருக்கின்றன. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும், பங்களாதேஷில் 2006ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்திலும் அந்த வசனத்தின் பிள்ளைகளைப் பார்க்கலாம். சொற்கள்கூடப் பெரிதாக மாறவில்லை.

வசனம் வந்தது. கதவைத் தள்ளிப் பார்க்கிற ஆள் வந்தாரா?

2012 செப்டெம்பர் 11 அன்று கராச்சியின் பல்தியா பகுதியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயை வேண்டுமென்றே வைத்தார்கள் என்று 2020இல் அங்கே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீயை யார் வைத்திருந்தாலும், கம்பி அடித்த ஜன்னல்களும் மூடிய வாசல்களும் ஏற்கனவே அங்கே இருந்தவை. எரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்திருந்தது. தொழிலாளருக்குப் பாதுகாப்பான இடம் என்று அதற்கு அர்த்தம்.

அதே வருடம் நவம்பர் 24. டாக்காவுக்குப் பக்கத்தில் ஆஷுலியாவில் தஸ்ரீன் தொழிற்சாலை. கீழ்மாடியில் குவித்திருந்த துணியும் நூலும் எரிந்தன. எச்சரிக்கை மணி அடித்தபோது, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் சொன்னதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். மாடிகளுக்கு இடையிலான மடக்குக் கதவுகள் பூட்டியிருந்தன. எல்லாப் படிக்கட்டும் எரிகிற கீழ்மாடிக்குத்தான் இறங்கின. 110க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 101 வருட இடைவெளி. பூட்டும் அதே பூட்டு, காரணமும் அதே காரணம். ஆட்கள் போகக்கூடாது, சாமான் போகக்கூடாது.

ஐந்து மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று, சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே தீ இல்லை, பூட்டு இல்லை. முதல் நாளே சுவரில் வெடிப்பு வந்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். அடுத்த நாள் அந்தக் கட்டடத்தில் இருந்த வங்கியும் கடைகளும் திறக்கவில்லை. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஓடர் முடிக்க வேண்டும், போகாவிட்டால் சம்பளம் போய்விடும். வங்கி ஊழியர்களுக்கு இருந்த ஒரு கதவு இவர்களுக்கு இல்லை. அங்கே இயங்கிய தொழிற்சாலைகள் சிலவற்றை அதற்கு முன் தணிக்கையாளர்கள் வந்து பார்த்தும் இருந்தார்கள். கட்டடம் தாங்குமா என்பது அவர்கள் நிரப்பிய படிவத்தில் இல்லை.

கதவைக் கழற்றிய ஒப்பந்தம்

ரானா பிளாசா இடிந்து மூன்று வாரத்துக்குள், 2013 மே மாதத்தில், ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைச் சுருக்கமாக 'அக்கோட்' என்று சொல்வார்கள். ஒரு பக்கம் உலகத் தொழிற்சங்கங்களும் பங்களாதேஷ் சங்கங்களும். மறுபக்கம் ஐரோப்பிய, அமெரிக்க ஆடை நிறுவனங்கள். காலப்போக்கில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் அதற்குள் வந்தன.

பழைய சான்றிதழ்களுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசங்களை நான் நாலாகப் பார்க்கிறேன். முதலாவது, பரிசோதித்தவர்கள் தொழிற்சாலை முதலாளியிடம் காசு வாங்குகிறவர்கள் அல்ல, தனியான பொறியியலாளர்கள். இரண்டாவது, எந்தத் தொழிற்சாலையில் என்ன குறை, திருத்தினார்களா இல்லையா என்பதை ஆர் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். மூன்றாவது, ஆபத்து என்று தெரிந்தால் உள்ளே போக மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை இருந்தது. நாலாவது, கையெழுத்துப் போட்ட நிறுவனம் சொன்னதைச் செய்யாவிட்டால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். உண்மையாகவே இரண்டு நிறுவனங்களை இழுத்தார்கள். அதில் ஒன்று 2018இல் 20 லட்சம் டொலருக்கு மேல் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது.

இந்தப் பரிசோதகர்கள் முதலில் செய்யச் சொன்ன வேலைகளில் ஒன்று, பூட்டுப் போடக்கூடிய கதவுகளையும் மடக்குக் கதவுகளையும் வெளியேறும் வழிகளிலிருந்து கழற்றுவது. பிளாங்குக்கு 20 டொலராக இருந்த கணக்கு இங்கே மாறியது. திருத்தாத தொழிற்சாலைக்கு ஓடர் இல்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல வரவில்லை. திருத்தும் செலவு பெரும்பாலும் உள்ளூர் முதலாளிமார் தலையில் விழுந்தது. சட்டைக்குக் கொடுக்கும் விலையைக் கூட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் அந்தளவு அவசரப்படவில்லை. ஒரு நாட்டின் தொழில் திணைக்களம் செய்ய வேண்டிய வேலையை வாங்குகிறவனின் பயம் செய்தது என்பதும் யோசிக்க வேண்டிய விசயம். ஆனாலும் கதவுகள் கழன்றன.

திரும்பவும் கடைக்கு

கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சாளிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு இது பெரிய புதினமாகப் படவில்லை. "எங்கட இடத்தில நிலத்தில மஞ்சள் கோடு போட்டுக் கிடக்கு, அதுக்குள்ள ஒரு பெட்டி வைக்கேலாது. மணி அடிச்சா மெஷினை விட்டிட்டு வெளிய ஓடோணும், ஆக்களை எண்ணுவினம். கொம்ப்ளையன்ஸ் ஆக்கள் வந்து பாக்கிறவை" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அண்டைக்கும் டார்கெட் குறையாது" என்றும் சொன்னாள்.

கொம்ப்ளையன்ஸ் என்ற சொல் அவளுக்குச் சோறு தண்ணி மாதிரிப் பழகிய சொல். சட்டத்தைக் கடைப்பிடிப்பது ஒரு முதலாளியின் நல்ல மனதில் தங்கியிருக்கத் தேவையில்லை என்பதற்கு அவளுடைய மஞ்சள் கோடு ஒரு சாட்சி. அங்கே பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பார்த்தால் ஓடர் போகும் என்ற பயம் இருக்கிறது.

என்னுடைய புடைவைக்கடைக்கு ஆர் வருகிறார்கள்? அது தொழிற்சாலை அல்ல. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கும் அந்த வசனம் அதன் வாசலோடு நின்றுவிடும். மலையகத்திலும் இப்படித்தான். தேயிலைத் தொழிற்சாலை அந்தச் சட்டத்துக்குள் வரும். வெளியே மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவும் அதே தோட்டத்தின் தொழிலாளிதான், ஆனால் அவர் நிற்கும் இடம் தொழிற்சாலை ஆகாது. ஏஎல் முடித்த, கம்பஸ் விடுமுறைக்கு வந்த எங்களைப் போன்ற ஆட்கள் முதன்முதலாக வேலைக்குப் போகும் கடை, கராஜ், பேக்கரி, அச்சகம் எல்லாம் சின்ன இடங்கள். அங்கே ஆடை வாங்கும் வெளிநாட்டுக் கொம்பனி வந்து கோடு போடச் சொல்லப்போவதில்லை.

போன மாதம் அம்மாவோடு அந்தக் கடைக்குப் போனேன். பழைய அக்கா ஒருவர் இன்னும் நிற்கிறார். கதை கதையாக, பின்கதவு இன்னும் பூட்டியா என்று கேட்டேன். "உனக்கென்ன விசரே பிள்ளை, அதைத் திறந்து விட்டா சாமான் முழுக்க ஒழுங்கையால போயிடும்" என்று சிரித்தார். கதவுக்கு முன்னால் இப்போது காட்போட் பெட்டிகளும் அடுக்கிக் கிடந்தன.

முதலாளியிடமும் கேட்டேன். கேட்கும்போது நெஞ்சு படபடத்தது, அதையும் சொல்ல வேண்டும். அவர் கோபப்படவில்லை. மனுசன் உண்மையில் நல்லவர், தீபாவளிக்கு எங்களுக்கு உடுப்புத் தந்தவர். "தங்கச்சி, களவு போனா ஆர் தாறது?" என்று மட்டும் கேட்டார். வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற பூட்டு இருக்கிறது, திறந்தால் சத்தம் போடுகிற மாதிரியும் வைக்கலாம், அது 1908இலேயே வந்துவிட்டது என்று சொன்னேன். எவ்வளவு முடியும் என்று கேட்டார். எனக்கு விலை தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். பெட்டிகளை மட்டும் அன்றைக்கே எடுக்கச் சொன்னார்.

இதை வாசிக்கிற நீங்கள் வேலை செய்யும் இடத்தில், அல்லது உடுப்பு எடுக்கப் போகும் கடையில், பின்கதவு எங்கே இருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். அதில் பூட்டு இருக்கிறதா, திறப்பு ஆரிடம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், அதற்கு முன்னால் என்ன அடுக்கிக் கிடக்கிறது என்று கேளுங்கள். கேட்கிற முதல் ஆள் நீங்களாக இருக்கக்கூடும். நான் அந்தப் பூட்டின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.